பொழுதோட வர்ற வாசம்

— நுரையே கட்டலீங்க தங்கச்சி. சிலிண்டர் மூட்டுல இல்ல, டியூப்புல இல்ல, அடுப்புத் திருகுலயும் இல்ல. எங்கிருந்துதான் வருதோ இந்தக் கேஸ் வாசம்!

— நல்லாப் பாருங்க மஜீத்தண்ணா. சோப்பு இன்னும் எச்சாக் கரைச்சுக் கொண்டாரட்டுங்களா?

— கரைச்ச வரைக்கும் போதும். இந்த சிலிண்டரை நான் குளிப்பாட்டுன மாதிரி எங்க ரம்லா எங்க புள்ளைகளைக்கூடக் குளிப்பாட்டியிருக்க மாட்டா. நாலாவது தடவைங்க இது. மொதத் தடவை வாசர் மாத்துனேன். அடுத்தது டியூப்பு. போன மாசம் ரெகுலேட்டரையே புதுசாப் போட்டேன். இனி மாத்தோணும்னா மெக்கானிக்கைத்தான் மாத்தோணும்.

— மேனேசரு என்னங்கண்ணா சொல்லித் தாட்டி உட்டாரு?

— தப்பா எடுத்துக்காதீங்க. லீக்கு எங்கன்னு இன்னிக்குக் கண்டுபுடிச்சு எழுதிக் குடுக்கோணும். இல்லீன்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கழட்டி வண்டியில ஏத்திட்டு வந்துருன்னுட்டாரு. லைன் ஊடு, ஒட்டி ஒட்டி ஏழு குடும்பம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றதுங்கறாரு. அதுவும் நாயந்தானுங்களே.

— எடுத்துட்டுப் போயிராதீங்கண்ணா. உங்க காலைப் புடிச்சுக் கேட்டுக்கறேன்.

— அட, என்னங்க தங்கச்சி இது! எந்திரிங்க மொதல்ல. கதிர்வேல் சம்சாரம் எங்கால்ல உழுகறதா? அவன் எங்கிருந்தாவது பாத்தான்னா என்னைய உடுவானா?

— மில்லுல ஒரு வாரம் காலையில ஆறு மணிச் சிப்டு, ஒரு வாரம் மத்தியானம் ரெண்டு மணிச் சிப்டு. என்ர புள்ளை லோகுவுக்குச் சோறாக்கி வெச்சு, தலை பின்னி, பள்ளிக்கோடத்துக்குக் கெளப்பி வெச்சுப்போட்டு ஓடறேனுங்க. மறுபடியும் டின்னைத் தூக்கிட்டு சீமெண்ணெய்க்கு ரேசன் கடையில போயி நிக்கோணும்னா என்னால ஆகாதுங்க.

— தெரியுதுங்க. ஆனா வண்டிய நிறுத்துனதும் உங்க ஊட்டுக்காரம்மா சென்னியம்மாக்கா என்னையப் புடிச்சுக்கிட்டாங்களே. 'பாய், அந்தக் குண்டை இன்னிக்கு நீங்க எடுத்துட்டுப் போகலீன்னா நான் இவ சட்டிபானைய எடுத்து வெளிய வெச்சுப்போடுவேன்'னு சொல்றாங்க.

— என்ரகிட்டப் பேசியே ரெண்டு மாசமாச்சுங்க. செவுத்துக்கு அக்கட்டதான் இருக்கறாங்க. ஆனா எதுவா இருந்தாலும் மளிகைக் கடை வரைக்கும் நடந்துபோயி, அங்கிருந்து உங்க ஆபீசுக்குப் போன் பண்ணித்தான் சொல்லுவாங்க.

— நான் போன தடவை வந்தப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க தெரியுமுங்களா? எரியற ஊதுபத்தியைக் கையில புடிச்சுக்கிட்டு உங்க சன்னலோரமா லீக்குத் தேடுறாங்க! புகை எந்தப் பக்கம் இழுக்குதோ அங்கதான் ஓட்டைன்னு யாரோ சொன்னாங்களாம். ஓடிப்போயிப் புடுங்கித் தண்ணியில முக்குனேன். அதுக்கு ஒரு பாட்டு, 'சாமி ஊதுபத்தியைத் தண்ணியில போட்டுட்டாரு பாயி'ன்னு.

— சிரிப்பு வருதுங்கண்ணா. ஆனா நானும் அப்புடித்தானுங்க இருந்தேன். நீங்க கொண்டாந்து மாட்டிட்டுப் போன அன்னிக்கு, தீக்குச்சியக் கிழிச்சுக் கையை மட்டும் நீட்டி, மூஞ்சிய அக்கட்டத் திருப்பிக்கிட்டுத்தான் பத்த வெச்சேன். லோகு வாசப்படியில நின்னுக்கிட்டு, 'அம்மா பத்திருச்சு, பத்திருச்சு'ன்னு குதிக்கறா. நான் ஊடுதான் பத்திருச்சுன்னு வெளிய ஓடிப்போட்டேன்.

— நல்ல கூத்து!

— ஆயுதபூசைக்கு சந்தனம் குங்குமம் வெச்சு மாலையெல்லாம் போட்டோமுங்க. மாலை போட்ட மூணாம் நாளே தீந்துபோச்சு. பதிவு பண்ணி இருபத்தஞ்சு நாளு. வந்த அன்னிக்கு நான் மில்லுல. கதவு பூட்டியிருக்குதுன்னு டெலிவரிக்காரரு திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. மறுபடி எட்டு நாளு. பழசை வெந்நியில நிக்க வெச்சு, படுக்கப் போட்டு, இப்புடி அப்புடி உருட்டி, அதுல ரெண்டு நாளைக்குச் சோறாக்குனேனுங்க.

— படுக்கப் போட்டீங்களா? எங்க குடோன்ல அப்புடிப் பண்ணுனா கதிரு அடிக்க வருவான்.

— வந்து அடிக்கட்டுமுங்க. வந்தாப் போதும்.

— தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டேன்.

— இல்லீங்கண்ணா. அவரு பேச்சை எடுக்கறதுக்கு இப்ப ஆளே இல்லீங்க. நீங்க வந்தாத்தான் அவரு பேரு இந்த ஊட்டுல கேக்குது. சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? அவன் இருந்திருந்தா இந்தச் சோப்புத் தண்ணிக்கே வேலை இல்லீங்க. லாரி லோடு எறங்குனதும் வரிசையோட சும்மா நடந்து போவான். 'இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு, அந்த மூலையில ஒண்ணு மஜீத்து'ன்னு கை காமிப்பான். லீக்குச் சிலிண்டரைத் தனியாப் பிரிச்சு வெக்கறதுதானே அவன் சோலி. எனக்கு மூக்கு மரத்துப்போயி வருசக்கணக்காச்சு. எம்மூக்கு அவந்தான். மஞ்சக்காமாலை வந்து பத்தே நாளு. போன வருசம் ஆடியில எடுத்துட்டுப் போயிப் பொதைச்சுட்டு வந்தோம். எனக்கு இன்னும் நம்ப முடியல.

— பன்னண்டு வருசங்கண்ணா. ஊருக்கெல்லாம் கேஸைப் பிரிச்சு உட்டாரு. எங்கூட்டுல வெறகு. கேட்டா, 'கனெக்சனுக்கு நம்ம நம்பர் வரட்டும் புவனா, நம்பர் வரட்டும்'பாரு. அவரு போயி நாப்பதாம் நாளு கேஸ் வருது.

— மேனேசர் வரதராஜுலு சார் மனசு வெச்சாருங்க. நம்ம ஆளோட குடும்பம்னு அவரே எழுதிப் போட்டுக் குடுத்தது.

— குடுத்தவரே இப்ப எடுக்கச் சொல்றாருங்களே.

— செரி, கண்ணைத் தொடைங்க. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வாசம் எந்நேரத்துக்கு வருது?

— பொழுதோடதானுங்க. சாயங்காலம் ஆறு மணி வாக்குல.

— காலையில?

— இல்லீங்க.

— சமைக்கறப்ப?

— இல்லீங்க.

— ராத்திரி கதவைச் சாத்திப்போட்டுப் படுக்கறப்ப?

— அப்பவும் இல்லீங்க.

— லீக்கு என்னங்க தங்கச்சி, மில்லுச் சங்கைக் கேட்டுப்போட்டு வருதா? இருவது வருச சர்வீசு எனக்கு. கடியாரம் பாத்து வர்ற லீக்கை நான் பாத்ததில்ல.

— எனக்கென்னங்கண்ணா தெரியும்.

— இந்தச் சன்னலைத் தொறந்து வெக்கச் சொன்னேனே போன தடவையே? சாத்தி, இடுக்குலயெல்லாம் துணியச் சொருகி வெச்சிருக்கீங்க.

— அது கொசுவுக்குங்க.

— கதவு அகலத் தொறந்து கெடக்குது. கொசுவுக்கு சன்னல் வழிதான் தெரியுமா? தங்கச்சி, என்ர மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நாலு தடவையும் கம்ப்ளெயிண்ட் குடுத்தது சென்னியம்மாக்கா. நீங்க ஒருக்காக்கூடக் குடுக்கல. ஊட்டுக்குள்ள இருக்கறது நீங்க. உங்களுக்கு வாசம் வருதா வரலீங்களா?

— வருதுங்கண்ணா.

— வந்துமா பேசாம இருக்கறீங்க? என்னங்க, தலையக் குனிஞ்சுக்கிட்டா எப்புடி? யாரு தொறந்து உடறது?

— நாந்தானுங்க.

— யா அல்லா! தங்கச்சி, சாகறதுக்காங்க? சின்னப் புள்ளைய வெச்சுக்கிட்டு...

— ஐயோ, இல்லீங்கண்ணா! அந்த நெனப்பே இல்லீங்க. லோகு அப்பக் கடைக்கோ வெளையாடவோ போயிருப்பா. பத்த வெக்காம அடுப்பைத் திருகுவேன். அம்பது எண்ணுவேன். மூடிப்போடுவேன். அவ்வளவுதானுங்க.

— எதுக்குங்க?

— மொதத் தடவை நீங்க வாசர் மாத்துனீங்களே, அது நெசமாலுமே லீக்குதானுங்க. அன்னிக்கு நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில ஏனம் கழுவிக்கிட்டிருந்தேன். ஆறு மணி இருக்கும். உள்ளயிருந்து அந்த வாசம் வந்துச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. 'வந்துட்டீங்களா? இங்க வந்து குளிச்சுட்டு அப்பறம் உள்ள போங்க'ன்னு சொல்லிப்போட்டேன். சத்தமா, எப்பவும் சொல்ற மாதிரி. சொல்லி முடிச்சப்பொறவுதானுங்க எனக்கு அவரு இல்லேங்கறதே நெனப்பு வந்துச்சு.

— அழுகாதீங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க.

— பன்னண்டு வருசமும் அதைத்தானுங்க சொன்னேன். 'கேஸ் நாத்தம் அடிக்குது, கிட்ட வராதீங்க.' லோகு ஓடிப்போயி அவரு மேல உழுகுவா, நான் சடையப் புடிச்சு இழுத்து நிறுத்துவேன், 'அப்பா குளிக்கட்டுமடி'ன்னு. அவரு சிரிச்சுக்கிட்டே துண்டை எடுத்துட்டுப் போவாரு. கருமாதியன்னிக்கு அவரு துணிமணியெல்லாம் எடுத்துக் குடுத்துப்போட்டாங்க. காக்கிச் சட்டை ஒண்ணு மட்டும் வெச்சுக்கறேன்னு கேட்டுப் பாத்தேன். செத்தவங்க துணி ஊட்டுல ஆகாதுன்னுட்டாங்க பெரியவங்க. போட்டோவுல மூஞ்சி இருக்குது. குரலு கொஞ்சம் காதுல இருக்குது. அந்த வாசத்துக்கு நான் எங்கங்கண்ணா போவேன்?

— அதுக்காகவாங்க தொறந்து உட்டீங்க?

— அந்த ஒரு நிமிசம் அவரு ஊட்டுல இருக்கறாருங்கண்ணா. கண்ணை மூடிக்குவேன். 'குளிக்க வேண்டாம், அப்புடியே வாங்க'ம்பேன். வேற ஒண்ணும் இல்லீங்க.

— தங்கச்சி, நானும் ஒண்ணு சொல்றேன். லோடு எறங்கறப்ப இன்னமும் நான் 'கதிரு, இதைப் பார்ரா'ன்னு திரும்பறேனுங்க. கூட இருக்கறவங்க சிரிக்கறாங்க. நெம்ப வெசனமா இருக்கும். அதுனால உங்களை எனக்குப் புரியாம இல்ல. ஆனா நீங்க பண்ணுனது பெரிய தப்பு. ஆறு மணிக்கு அந்தம்மா செவுத்துக்கு அந்தப் பக்கம் வெளக்குப் பத்த வெக்கறாங்க. கேஸு கனமுங்க, தரையோட ஊர்ந்து போகும். ஒரு பொறி போதும். இதைக் கதிரு உங்களுக்குச் சொன்னதே இல்லீங்களா?

— சொல்லியிருக்காருங்க.

— அப்பறம்?

— தெரிஞ்சேதானுங்க பண்ணுனேன். மேனேசர்கிட்டச் சொல்லிப்போடுவீங்களா?

— சொன்னா இன்னிக்கே எடுத்துட்டு வரச் சொல்லிருவாரு. சொல்லலீங்க. சிலிண்டர் வால்வு பழுதுன்னு எழுதி, இதை எடுத்துட்டு வண்டியில இருக்கற வேற சிலிண்டரை மாட்டிர்றேன். இருவது வருசத்துல எழுதாத பொய்யி. அல்லா மன்னிக்கட்டும். ஆனா நீங்க சும்மா செரின்னு சொன்னாப் பத்தாது. பாப்பா மேல சத்தியம் பண்ணோணும்.

— லோகு மேல சத்தியமுங்கண்ணா. இனித் தொறக்க மாட்டேன்.

— அந்த சன்னலு எப்பவும் தொறந்தே இருக்கோணும்.

— இருக்குமுங்க.

— மறுபடி அவன் நெனப்பு வந்தா எங்கூட்டுக்கு வாங்க. ரம்லா இருக்கறா. நானும் இருக்கறேன். உக்காந்து விடிய விடிய அவனைப் பத்தியே பேசலாம். கூச்சப்படாதீங்க.

— வாரேனுங்கண்ணா. லோகுவையும் கூட்டிட்டு வாரேன்.

— செரி, சிப்டுக்கு நேரமாச்சு உங்களுக்கு. இந்த சிலிப்புல கையெழுத்துப் போடுங்க. இருங்க, தேதிய எழுதிர்றேன். கம்ப்ளெயிண்ட் வந்தது... பதினேழு, ஒம்பது, தொண்ணூத்தாறு. செவ்வாக்கெழமை.

— அது நேத்துங்களே அண்ணா. போன வாரத் தேதியப் போடுங்க. போன வாரந்தான் எனக்குப் பொழுதோட ஊட்டுல இருக்கற சிப்டு.

— இல்லீங்க தங்கச்சி, செரியாத்தான் எழுதியிருக்கறேன். நேத்து ஆறேகாலுக்குப் போன் வந்திருக்குது. முந்தாநாளும் வாசம் வந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க.

— இருக்காதுங்கண்ணா. திங்கக்கெழமையில இருந்து எனக்கு ரெண்டு மணிச் சிப்டு. நான் ஊடு வந்து சேர ராத்திரி பத்தரை ஆகுதுங்க.

— அப்போ ஆறு மணிக்கு இந்த ஊட்டுல யாருங்க இருந்தது?

— லோகு மட்டுந்தானுங்க.

— பாப்பாவா?

— அப்பா வேணும்னு அழுகறதை அவ உட்டு ரெண்டு மாசமாச்சுங்கண்ணா. நான், புள்ளை மறந்துபோச்சுன்னு நெனச்சுப்போட்டேன்.