நாலாவது தடவை பூக் கேட்கப் போனவர்

பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் கரியில் ஓடிய பஸ் அது. சங்ககிரி ஏற்றத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி, பஸ்ஸின் பின்புறத்துக் கரி அடுப்புக்குக் காற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் கூடை நிறையச் செவ்வரளி.

"அம்மன் மூணு தடவை வேண்டாம்னுட்டாளுங்க. இன்னைக்கு நாலாவது தடவை போறேன்" என்றார் கூடைக்காரர்.

"எதுக்குங்க பூக் கேக்கறீங்க?"

"சந்தைப்பேட்டை முக்குல, அந்த ஓட்டுக் கட்டடத்துல காப்பிக்கடை வைக்கோணும். அம்மன் சிலைமேல ரெண்டு பக்கமும் பூ வெச்சுக் கேட்டு, வலப்பக்கம் பூ விழுந்தா உத்தரவு. மூணு தடவையும் இடப்பக்கமே விழுந்துருச்சு."

"அப்பறம் விட்டுற வேண்டியதுதானுங்களே?"

"யாவாரம்னு எறங்கினா சோர்ந்து போகப்படாதுங்க. இந்தத் தடவை இடப்பக்கம் பூவே வைக்கப் போறதில்லை."

அடுத்தவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கட்டடத்தை நேத்து நான் பேசி முடிச்சுட்டனுங்க. எனக்கும் காப்பிக்கடைதான்."

"அம்மனைக் கேக்காமயா?"

"நீங்கதான் மூணு தடவை கேட்டுட்டீங்களே. உங்களுக்கு வேண்டாம்னா, வேற யாருக்கோ கொடுக்கறாள்னுதானுங்களே அர்த்தம்?"

பஸ் உறுமிக் கிளம்பியது. கூடைக்காரர் கூடையிலிருந்த அரளியைக் கிளறிப் பார்த்தார். பிறகு திரும்பி, மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க, கடையில சாமி படத்துக்குத் தெனம் பூ வேணுமில்லீங்களா?"