மூத்தாள் பொன்

— ரயிலேறுனதுலேருந்து வாயே தெறக்கலீங்களே. சேலத்து டாக்டரு என்னதான் சொன்னாருங்க?

— அட விடு புள்ள. பொம்மிடி வந்தாச்சு. தருமபுரி பஸ்ஸு வரட்டும். இண்டூரு போயி, வூட்டுல பேசிக்கலாம்.

— வூட்டுல பேச முடியுங்களா? உங்கம்மா இருப்பாங்க. வெள்ளிக்கெழம பூசாரி வரான். உங்க மூத்த சம்சாரம் காவேரியக்காவ எம்மேலருந்து ஓட்டறேன்னு மறுக்கா வேப்பங்குச்சியால அடிப்பான். போன ஆடியில அடிச்ச தழும்பே இன்னும் முதுவுல கெடக்குது.

— செத்தவ ஆவியா நின்னு உன் வவுத்த அடைச்சிருக்கான்னு அம்மா நம்பறாங்க. நான் என்ன பண்ணட்டும்?

— டாக்டரு சொன்னதச் சொல்லுங்க. குத்தம் எனக்குத்தானா?

— உனக்கு ஒரு கொறையும் இல்லியாம்.

— அப்ப?

— அந்தச் செவப்பு முக்கோண போர்டப் பாரு புள்ள. ரெண்டோட போதும்னு எழுதி வெச்சிருக்கானுங்க. நமக்கு ஒண்ணுக்கே...

— பேச்ச மாத்தாதீங்க சாமி.

— சீசாவுல புடிச்சுக் குடுத்தேன்ல? பூதக்கண்ணாடியில வெச்சுப் பாத்தாங்களாம். உசிருப் பூச்சி ஒண்ணுகூட இல்லியாம். போதுமா? எங்கிட்டதான் கோளாறு. மருந்தும் கெடையாதுங்கறாரு.

— அய்யோ. பொறந்ததுலேருந்தே அப்பிடியாங்க?

— அதத்தான் அவரும் கேட்டாரு. பெரியாளானப்புறம் பொன்னுக்கு வீங்கி வந்துச்சான்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. காவேரியக் கட்டின மறு வருசம் வந்துச்சு. ரெண்டு தாடையும் பணியாரமாட்டம் வீங்கிக் கெடந்தேன். பெரிய ஆம்பளைக்கு வந்தா அது அடிக்கு எறங்கி வெதைய வேகவெச்சுடுமாம்.

— அதுக்குக் கழுத்துல பொன்னு கட்டுவாங்களே.

— வூட்டுல குந்துமணி பொன்னு ஏது? மழையில்லாத வருசம். காவேரிதான் தன் தாலிப் பொன்னக் கழட்டி எங்கழுத்துல கட்டுனா. அவ வெறும் மஞ்சத் துண்டக் கட்டிக்கிட்டா. புருசன் இருக்கறப்பத் தாலியக் கழட்டுனவளுக்கு வவுறு தெறக்குமான்னு அம்மா கேட்டாங்க. அவ கெணத்துல உழுந்து சாவற வரைக்கும் அந்தப் பேச்சு ஓயல.

— அந்தப் பொன்னு இப்ப?

— உங்கழுத்துல மூத்தா பேருக்குக் கோத்திருக்கே, அதேதான்.

— கடவுளே! ரெண்டாந்தாரமா வந்தவள மூத்தா ஒண்ணும் பண்ணாம இருக்கணும்னு கட்டி வுட்டாங்க. தெனமும் இதத் தொட்டுக் கும்புட்டுக்கிட்டு, அவங்களுக்குப் பயந்து பயந்து செத்தேன். அவங்க ஒரு பாவமும் பண்ணலியே!

— மெதுவாப் பேசு. டீக்கடைக்காரன் பாக்கறான்.

— பாக்கட்டும். இத உங்கம்மாகிட்டச் சொல்வீங்களா, மாட்டீங்களா?

— சொல்றேன், சொல்றேன். வெள்ளிக்கெழம கழியட்டும். இந்த ஒரு தடவ பொறுத்துக்க புள்ள. இப்பச் சொன்னா பாப்பாரப்பட்டி சந்த வரைக்கும் சிரிப்பானுங்க. இந்த மாதுப்பய ஆம்பளயே இல்லம்பானுங்க.

— அவங்க உங்களுக்காவத் தாலியவே கழட்டுனாங்க. அவங்களுக்காவ ஒரு வார்த்த பேச உங்களுக்கு வாய் வரல. அதுக்கு நான் அடி வாங்கணும். நல்லா இருக்குதுங்க உங்க நாயம்.

— என்ன புள்ள பண்ணச் சொல்ற...

— நானும் அந்தக் கெணத்துக்குத்தான் போவணுங்களா?

— அப்பிடிச் சொல்லாத தீர்த்தம்மா! சரி. பூசாரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னிக்கே அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும்.

— மெய்யாலுமாங்க?

— மெய்யாலுமே. இன்னொருத்திய நான் வாரிக் குடுக்க முடியாது.

— அது போதுங்க எனக்கு. பஸ்ஸு வர மாதிரி இருக்குது, எந்திரிங்க.

— இரு. ஒண்ணு நெஞ்ச அறுத்துக்கிட்டே இருக்குது. போன ஆடியில பூசாரி அடிச்சப்ப நீ ஏன் அப்பிடிக் கத்துன?

— நான் என்னத்தக் கண்டேன்? தண்ணி தெளிச்சப்பறந்தான் எனக்கு நெனப்பே வந்துச்சு. என்ன கத்துனேன்?

— "தாடை வத்திப்போச்சு, அடியில இன்னும் வத்தல. எம்பொன்ன அவரு கழுத்துக்கே திருப்பிக் கட்டுங்க"ன்னு கத்துன. அல்லாரும் சிரிச்சாங்க. மூத்தவ நகையக் கேக்கறான்னு பூசாரி சொல்லிட்டான். எனக்கு அடியில வீங்குனத அம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல புள்ள, கூச்சம். காவேரிதான் ஆமணக்கெலய வாட்டி ஒத்தடம் குடுத்தா. அவளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரிஞ்ச சங்கதி அது. உனக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லலீங்க. உங்களுக்கு அடியில வீங்குனதும், நான் அதக் கத்துனதும், ரெண்டையுமே இப்ப நீங்க சொல்லித்தான் கேக்கறேன்.