படத்தில் ஐந்து பேர்

நீர்வண்ணம் பழக நினைப்பவர்கள் தாளில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. தூரிகை மலிவாக இருக்கலாம். தாள் மெல்லியதாக இருந்தால் ஈரம் பட்டதும் புடைத்துக்கொள்ளும். ஏரி வரைய உட்கார்ந்தவர் குண்டும் குழியுமான சாலையோடு எழுந்திருப்பார். இதைக் கேட்க நீங்கள் என்னை இங்கே உட்கார வைக்கவில்லை என்று தெரியும். எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். தாள் வாங்கியதில்தான் ஆரம்பித்தது.

என் வேலை எடைக்கற்களைச் சரிபார்ப்பது. எங்கள் அலுவலகத்தில், மாடிப்படி தொடங்கும் இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ கல் இருக்கிறது. ஊரிலுள்ள எல்லாக் கிலோவும் அதற்கு ஒத்துவர வேண்டும். அது யாருக்கும் ஒத்துவர வேண்டியதில்லை. கடைக்காரர்களின் கல் எடை கூடியிருந்தால் அரத்தால் தேய்த்துக் குறைப்போம். இருபத்திரண்டு வருடம் இதைச் செய்தவன் வீட்டில் எப்படி இருப்பான் என்று என் மனைவியைக் கேளுங்கள். அவள் தம்பிதான், அதாவது என் மச்சினன்தான், என்னை ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டான்.

"மாமா, சாப்பாட்டு மேசையில தட்டை நேரா வைக்கிறதுக்கே அஞ்சு நிமிஷம் எடுக்கிறீங்க. கொஞ்சம் தப்பு பண்ணிப் பழகுங்க. அக்கா பாவம்."

சலவைக்கடைக்கு மேலே ஒரு அறை. சனிக்கிழமைதோறும் ஆறு பேர்: டீச்சர், பல் டாக்டர், தையற்கார அம்மா, ஓய்வு பெற்ற லாரி டிரைவர், மச்சினன், நான். கதவருகே ஒரு பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே வருபவர் தன் அழிரப்பரை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வகுப்பு முடிந்ததும் அவரவர் தப்பைச் சுற்றிச் சிவப்பு நூலை ஒட்டி, படத்தைச் சுவரில் மாட்டுவோம். மற்றவர்கள் அந்தத் தப்புக்குக் கைதட்டுவார்கள். படத்துக்குக் கைதட்டுவது அங்கே வழக்கமில்லை.

"தப்பு வந்தா விரட்டாதீங்க. உட்கார வச்சு ஒரு டீ குடுங்க. அது சொல்றதைக் கேளுங்க," என்பார் டீச்சர்.

முதல் வாரம் மேசைமேல் வைத்திருந்த ஜாடியை வரைந்தேன். கைப்பிடியை மறந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தப்பு அங்கே தனியாக, நூலுக்குள் அகப்பட்ட ஆடு மாதிரி நின்றது. நான் எழுந்துபோய் ஜாடியின் கைப்பிடியை மேசை விளிம்பில் தட்டி உடைத்தேன். இப்போது படமும் ஜாடியும் ஒத்துப்போயின. எல்லோரும் ஜாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு டீச்சர் சிரித்தார்.

"இவர்தான்பா தப்பை முழு மனசோட ஏத்துக்கிட்டவர்!"

அன்று கிடைத்த கைதட்டல் போல எனக்கு அலுவலகத்தில் ஒருபோதும் கிடைத்ததில்லை.

அடுத்து, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தெருவை வரைந்தேன். மரம் விட்டுப்போனது. செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து, ரம்பம் வாங்கி, மரத்தை வெட்டினேன். நகராட்சி ஆள் என்று நினைத்து இரண்டு பேர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை டிரைவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லா வருதே," என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தற்பெருமை எனக்குப் பிடிக்காது.

பிறகு நூலகத்தில் கண்காட்சி என்று முடிவாயிற்று. வகுப்பினர் அனைவரையும் ஒரே படத்தில் வரையும் பொறுப்பு எனக்கு வந்தது. திறப்பு நாளில் நாங்கள் ஆறு பேரும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வேண்டும், பத்திரிகையிலிருந்து வந்து புகைப்படம் எடுப்பார்கள் என்றார் டீச்சர். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு நாள் வரைந்தேன். யாருக்கும் காட்டவில்லை. முடித்ததும் எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர் இருந்தார்கள். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தேன்: டீச்சர், டாக்டர், தையற்கார அம்மா, நான், டிரைவர். மச்சினனை விட்டுவிட்டேன்.

அவனிடம் உடனே சொன்னேன். மறைக்கவில்லை.

"அடப்பாவி மாமா, பொண்ணு குடுத்த வீட்டையே மறந்துட்டீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "விடுங்க. தப்பை ஏத்துக்கோங்க. எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல."

இந்த வாக்கியத்தை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல.

இருந்தும் நான் அவசரப்படவில்லை. கண்காட்சி அன்று அவனுடைய அத்தை ஊருக்குப் போய்வரச் சொல்லி, டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

"அத்தைக்கு நான் வந்தாலே ஆகாது மாமா. நான் உங்க பக்கத்துலதான் நிப்பேன். படத்துல இல்லாதவன் நேர்ல நின்னா தமாஷா இருக்கும்ல?"

தமாஷ். ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர். அத்தனை பேர் பார்வைக்கும் முன்னால் அந்தத் தப்பு மறுபடி தனியாக நிற்கும். அதற்கு ஒரு டீ கொடுக்கக்கூட நாதி இருக்காது.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மதியம், கண்ணாடிப் பெட்டியைக் காட்டுகிறேன் என்று அவனை அலுவலகத்துக்கு அழைத்தேன். வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். உணவு இடைவேளை, யாரும் இல்லை. அவன் பெட்டியின்மேல் குனிந்து, "இதுக்குத்தானா மாமா இவ்வளவு பில்டப்பு?" என்றான். நான் மாடிப்படியின் மேல் திருப்பத்தில், அவன் தலைக்கு நேர் மேலே நின்றேன். கையில் இருந்தது இருபது கிலோ கல். தோராயமாக இருபது என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார்; திருத்திவிடுங்கள். மிகச் சரியாக இருபது. முத்திரை போட்டவன் நான்.

கையை விட்டேன். நான்தான் விட்டேன். நழுவவில்லை.

மறுநாள் படம் சுவருக்குப் போகும் முன்பே நீங்கள் வந்துவிட்டீர்கள். அதுதான் வருத்தம். நேற்று என் மனைவியை இங்கே அழைத்துவந்து படத்தை அவள் முன்னால் விரித்தீர்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நான்காவது ஆளின் மேல் விரலை வைத்தாள்.

"இது என் தம்பி. நெத்தியைப் பாருங்க, மீசையைப் பாருங்க. இவருக்கு என்னைக்கு மீசை இருந்துச்சு? இதுல இல்லாதது இவர்தான் சார்."

அவள் அழுதுகொண்டிருந்தாள், அதனால் நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு முகங்கள் அவ்வளவாக வராது என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். மூக்குக்குக் கீழே கறுப்பு கொஞ்சம் கசிந்திருந்தது, அவ்வளவுதான்.

நாளை அந்தப் படத்தைக் காட்டி இன்னொரு முறை கேட்கப்போவதாகச் சொன்னீர்கள். இரண்டு வாரம் தள்ளிப்போட முடியுமா? நேற்று சாயங்காலத்திலிருந்து மேலுதட்டை மழிப்பதை நிறுத்திவிட்டேன்.