லோரிக்குள் இருந்த ஆள்

பள்ளிக்கூடம் ரெண்டு வருஷம்தான் போனேன், ஆனாலும் இன்றைக்கு மூணு லோரிக்கு முதலாளி. என் கார் பட்டறையில் கிடந்ததால் அன்றைக்கு ரெம்பாவில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரே பேக்டரிச் சட்டை போட்ட ஒரு பையனும் நடுவயசுப் பெண்ணும். அவன் பென்சிலால் வரைந்த படக்கதை நோட்டு அவள் மடியில் இருந்தது.

"லோரிக்குள்ள இருந்த ஆள் எங்கடா?" என்று அவள் கேட்டாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"எந்த ஆள், அக்கா?"

"உன் வீரன் பறந்து வந்து லோரியைத் தூக்கிக் கள்ளன் மேல வீசுறானே. அது தானாவா ரோட்டுக்கு வந்துச்சு?"

"அவனுக்கு அவசரம்லா, அக்கா."

"வீசிட்டு இடுப்புல கை வெச்சுச் சிரிக்கிறான். உள்ள ஒரு தடவை எட்டிப் பார்த்தா பலம் குறைஞ்சிடுமா?"

"நோட்டைக் குடுங்க. ஷிப்டுல எல்லாரும் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும். முதல்ல டிரைவரை இறக்கி விடு."

அவன் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கி, லோரி பக்கத்தில் ஓர் ஆளை வரைந்து நீட்டினான்.

"உங்க வீட்டு மாமா மாதிரியே போட்டிருக்கேன். மீசை, கக்கத்துல ஊன்றுகட்டை, எல்லாம் இருக்கு. போதுமா?"

அவள் நோட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மீசை இருக்கட்டும். கட்டையை அழிச்சிட்டு இன்னொரு காலையும் போடு. உன் மாமாவுக்கு லோரி கவிழ்ந்து ஒரு கால் போனது போதும். இவனாவது நடந்து வீட்டுக்குப் போகட்டும்."