உச்சிக்கன்னி, ஐந்தாம் பாகம்

பேய்க்கதைப் புத்தகம் விற்க நல்ல நேரம் காலை ஒன்பது மணி. இருட்டிய பிறகு விற்கலாம் என்று நினைக்கிறவனுக்கு வியாபாரம் தெரியாது. அந்நேரம் எல்லோருக்கும் வீடு போய்ச் சேரும் அவசரம். ஒன்பது மணிக்குத் தோவாளையில் பூவை ஏற்றி அனுப்பிவிட்டுப் பெண்கள் பஸ்ஸுக்காக நிற்பார்கள். முந்தியில் சில்லறை இருக்கும். நல்ல வெயில் இருப்பதால் பயப்படவும் தைரியம் இருக்கும்.

என்னைச் சாட்சியாகத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஏமானே. நீங்கள் மலையாளத்தில் எழுதினால் நான் சொன்னது எனக்கே விளங்காது, நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். காகிதம் கொடுத்தீர்கள். என் பெயர் சுடலையாண்டி. வயது இருபத்தாறு. 'உச்சிக்கன்னி' என்ற கதையை எழுதி, நாகர்கோவிலில் என் செலவில் அச்சடித்து, ஐந்து பாகத்தையும் தோளில் சுமந்து விற்றவன். முன்பு சுண்ணாம்புக் காளவாயில் சிப்பி சுமந்தேன். இரண்டும் சுமைதான். இரண்டில் இது கனம் குறைவு.

விற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பஸ் நிற்கும் இடத்தில் எட்டு வரி சத்தமாகப் படிப்பேன். கதையில் கதவு திறக்கப்போகும் இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை மூடிவிடுவேன். சவரக்கடைக்கு ஒரு பிரதி சும்மா கொடுப்பேன், அங்கே வாங்காதவனும் வாசிப்பான். அச்சு மங்கிப்போன தாள்களைக் கட்டாக வாங்கி வந்து பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்கக் கொடுத்தேன். எல்லாத் தாளும் அல்ல. கன்னி வந்து ஒருத்தியின் தோளில் கை வைக்கும் இடத்தோடு முடிகிற எட்டாம் பக்கத் தாள் மட்டும். சீரகம் வாங்கிப்போனவள் மறுநாள் மீதிக் கதைக்கு என்னைத் தேடி வருவாள். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காளவாய் முத்துநாயகம் முதலாளியுடையது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து வண்டியில் சிப்பி வரும். சுட்ட சிப்பியில் தண்ணீர் தெளித்து நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்படித் தெறித்ததில் என் அம்மா உலகம்மைக்கு இடது கண் போயிற்று. "பாத்து நிக்காண்டாமா?" என்று முதலாளி கேட்டார். ஆறு மாதம் அரிசி கொடுத்தனுப்பினார். அவர் மகள் ராஜமணி அப்போது ஏழு வயதுப் பிள்ளை, தாயில்லாதவள். அவள்தான் அம்மாவின் கையைப் பிடித்து ஆற்றுக்குக் கூட்டிப் போவாள். காரணம் என்று ஒன்று எழுதவேண்டுமென்றால் அந்தக் கண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பதின்மூன்று வருடம் அதே காளவாயில் வேலை செய்தேன். மனசில் ஒன்றும் இல்லாமல்தான் செய்தேன்.

முதல் பாகம் வந்தது போன ஆடியில். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கூட்டம். முதலாளி வந்து ஒன்றை எடுத்து விரித்தார். அவர் அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம் வைப்பவர். பேய்க்குக் கோழி அறுக்கிற வீட்டுப் படியேறாதவர். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"'தலைவிரி கோலமாய் உச்சி வெயிலில் நின்றாள்.' ஏலே சுடலை, பேயி தலை காயப்போடுகாளா?"

"எண்ணெ தேச்சுக் குளிச்சிருப்பா, மொதலாளி," என்றான் டீக்கடைக்காரன்.

"சளி பிடிச்சிராம பாத்துக்கிடச் சொல்லு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பூக்காரிகளும் சிரித்தார்கள். அவர் என் தோளில் தட்டினார்.

"கதை கெட்டணும்னா அதுக்கு ஒரு கெட்டித்தனம் வேணும்லே மக்கா. ஒனக்கு உள்ளதைச் சொல்லத்தான் தெரியும். போயி சிப்பிக் கடவத்தைத் தூக்கு."

இரண்டணாவை மேஜையில் வைத்தார். புத்தகத்தையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அன்று ஒரு பிரதிகூட விற்கவில்லை. நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து காளவாய்க்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் பாகத்தில் கதையைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு மாற்றினேன். வேலைக்காரி ஒருத்தி சூளைக்குள் வெந்து செத்து, உச்சி நேரத்தில் எழுந்து வருகிறாள். ஊர்ப் பெயர் போடவில்லை. ரோட்டுக்குக் கிழக்கே, வாசலில் இரட்டைத் தென்னை நிற்கும் காளவாய் என்று மட்டும் போட்டேன். இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றுதான் உண்டு. புத்தகம் கொஞ்சம் ஓடியது.

தை மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ராஜமணி உச்சிக்கு உச்சி இங்க வாறா மக்கா. சிப்பித் துண்டு கேட்டு வாங்கித் திங்கா. சொவத்துச் சுண்ணாம்பையும் சொரண்டுகா."

"அது எதுக்கு?"

"மசக்கைலே. ரெண்டு மாசம் இருக்கும். கார்த்திகையில கப்பலேறுன மாப்பிள்ளைக்குக் கொளும்புக்குக் காயிதம் போட்டிருக்கா. அவன் பதிலு வந்த பொறவுதான் அப்பன்கிட்டச் சொல்லணுமாம், வெக்கப்படுகா. நீ வெளிய சொல்லிராத."

நான் வெளியே சொல்லவில்லை. சுமக்கிற பெண்களில் பாதிப்பேர் பிள்ளை உண்டாயிருக்கும்போது மண்ணோ சாம்பலோ தின்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது என்ன என்று எனக்குத் தெரியும். முதலாளி வீட்டில் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வயதான பெண் ஒருத்தியும் கிடையாது.

மூன்றாம் பாகத்தில் அடையாளங்களை எழுதினேன். உச்சிக்கன்னி ஏறியவள் உச்சி நேரத்தில் வீட்டில் தரிக்கமாட்டாள். சோற்றைக் கண்டால் குமட்டுவாள். சுவரைச் சுரண்டித் தின்பாள், தான் வெந்த சுண்ணாம்பைக் கன்னியால் மறக்க முடியாது. இந்தப் பக்கம் அச்சான தாள்களை மங்காதவையாகவே எடுத்து, முதலாளி வீட்டுக்குச் சாமான் போகிற கடைக்குக் கொடுத்தேன். கடைக்காரர், "நல்ல தாளா இருக்கே, வீணாக்குதியே," என்றார். விளம்பரத்துக்குச் செலவு பார்க்கக்கூடாது என்றேன்.

பிறகு நான் செய்ய அதிகமில்லை. காளவாய்ப் பெண் ஒருத்தி ராஜமணி பின்சுவரில் நகம் வைத்துச் சுரண்டுவதைப் பார்த்தாள். பத்து நாளில் உச்சி நேரத்தில் வேலைக்கு ஆள் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் சூளையில் தீ அணைந்தது. கிணற்றடியில் ராஜமணி வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். கொழும்பிலிருந்து பதில் வரவில்லை, அது வந்தால் எல்லாம் அடங்கும் என்று அவளும் அம்மாவும் வாய் திறக்கவில்லை. நான்காம் பாகம் இரண்டு தடவை அச்சடித்தும் போதவில்லை. பஸ் நிறுத்தத்தில் நான் வாயே திறக்கவேண்டியிருக்கவில்லை. பையை இறக்கினாலே சுற்றி நின்றார்கள்.

முதலாளி முதலில் கத்தினார். அப்புறம் வீட்டுச் சுவரெல்லாம் சாணி பூசச் சொன்னார். அப்புறம் மகளுக்குப் பின்னாலேயே நடந்து பார்த்தார். பங்குனி கடைசியில் ஒரு மதியம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான்கு பாகமும் அவர் கக்கத்தில் இருந்தன. ஓரமெல்லாம் கசங்கியிருந்தது. நன்றாக வாசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

"தம்பி," என்றார். என்னை அப்படி அவர் கூப்பிட்டதில்லை. "இது நீரு கெட்டுன கதைதானே? கெட்டுன கதைன்னு ஒரு வார்த்தை சொல்லும். நான் போயிருதேன்."

"எனக்குக் கதை கெட்டத் தெரியாதே மொதலாளி. உள்ளதைச் சொல்லத்தான் தெரியும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அது தான் சொன்ன சொல் என்று அவருக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"பொறவு என்ன செய்யணும்?" என்று கேட்டார். பேயே இல்லை என்று முப்பது வருடம் சொன்ன மனுஷர். ஐந்தாம் பாகத்தில் வருகிறது என்றேன். அச்சாகி வந்த முதல் பிரதியை நானே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

ஐந்தாம் பாகம் உங்கள் மேஜையில் இருக்கிறது. பதினான்காம் பக்கத்தைப் பாருங்கள். உச்சிக்கன்னியை ஓட்ட மூன்று உச்சி வேண்டும். அணைந்த காளவாய்க்குள் அவளை உட்கார வைத்து, மிளகாய் வத்தல் புகை போட்டு, சூளைக் கதவை அடைக்கவேண்டும். சோறு தண்ணீர் ஆகாது. அடுத்த பக்கத்தில், தனியாகக் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் ஒன்று இருக்கிறது. 'மூன்றாம் உச்சியில் அது தன் வயிற்றில் பிள்ளை இருப்பதாகச் சொல்லிக் கெஞ்சும். இரங்கினால் குடும்பமே போயிற்று.' பெரிய எழுத்து என்னிடம் கேட்டு வைத்ததா என்று அச்சகத்தில் விசாரிப்பீர்கள். ஆம், நான்தான் வைக்கச் சொன்னேன்.

மந்திரவாதியை வெளியூரிலிருந்து கூட்டி வந்தது முதலாளி. அவன் தன் முறை என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அவன் முறை ஒன்றும் இல்லை, பக்கம் பார்த்துச் செய்தான். முறுக்கிய வேட்டியால் ராஜமணியின் கையைக் கட்டியது அவன். கதவுக்குக் கல் வைத்தது முதலாளி.

முதல் உச்சிக்கு முந்தின நாள் காலையில் அம்மாவை மணவாளக்குறிச்சியில் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன். சித்திக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. ஊரில் உண்மை தெரிந்த இன்னொரு வாய் அம்மாவுடையதுதான், அது மூன்று நாளைக்கு இங்கே இருக்கக்கூடாது. பஸ் ஏறும்போது, "ராஜமணி வந்தா பானையில சிப்பி வச்சிருக்கேன், எடுத்துக் கொடு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று உச்சியும் காளவாய்க்கு வெளியே நல்ல கூட்டம். நான் இரட்டைத் தென்னைக்குக் கீழே பையோடு நின்றேன். முதல் இரண்டு நாள் உள்ளேயிருந்து ராஜமணி அப்பாவைக் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் குரல் கம்மிப்போயிருந்தது.

"அப்பா, நான் முழுகாம இருக்கேன் அப்பா. உலகம்மை சித்திகிட்டக் கேளுங்க. மாப்பிள்ளைக்குக் காயிதம் போட்டிருக்கேன்."

கூட்டத்தில் ஒருத்தி புத்தகத்தைப் புரட்டிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் கதவருகே போய் நின்றார். கல்லில் கை வைத்தார். ஏமானே, அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். பத்தடி தூரம்தான். அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். நான் தலையை இல்லை என்று அசைத்தேன். கையை எடுத்துவிட்டார்.

வெயில் சாய்ந்து கதவைத் திறந்தார்கள். மீதி உங்களுக்குத் தெரியும். என் பையில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை.

நேற்று உங்கள் லாக்கப்பில் முதலாளியைப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தால் குடிக்கமாட்டேன் என்கிறாராம். என்னைப் பார்த்ததும், "நீரு எழுதினபடியேதான் சொல்லிச்சு தம்பி," என்றார். சாகிற வரைக்கும் அவர் அதை நம்புவார். என் எழுத்தை அவரைப்போல யாரும் வாசித்ததில்லை.

எல்லாம் நான் அறிந்து செய்தது. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றவளுக்கு ஒரு குறை என்றால் மகன் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவள் நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். இங்கே நடந்தது அங்கே எட்டவில்லை. பழைய வேட்டி இரண்டை வெந்நீரில் அலசிப் போடு, பிள்ளைத் துணிக்கு மெதுவாக இருக்கும் என்று மீன்காரியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அலசிப் போட்டிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கொடியில் கிடக்கின்றன. மழை வந்தால் யாரையாவது விட்டு எடுத்து உள்ளே போடச் சொல்லுங்கள்.