ஓரகத்தியின் கைமணம்

வெள்ளரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கி உப்புப் போட்டுப் பிசறினால், ஒரு மணி நேரமாவது அதைச் சும்மா விட வேண்டும். நிறைய பேருக்கு அந்தப் பொறுமை இல்லை. தண்ணீர் இறங்குவதற்குள் வினிகரை ஊற்றிவிட்டு, ஊறுகாய் கொழகொழத்துப் போச்சே என்று காய்க்காரரைத் திட்டுவார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, வழக்குக்கு வேண்டியதுதான்.

வினிகர், சர்க்கரை, கிராம்பு, ஏலக்காய், நசுக்கிய மிளகு. இந்த அளவைப் பிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. சின்னவளுக்கு என் சமையலறைக் கதவில் சாய்ந்து நிற்கும் நேரம்தான் ஆயிற்று.

சின்னவள் என்றால் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. ஒரே வீடு. நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் கீழே, மாமாவோடு. மாமனாரைத்தான் சொல்கிறேன். பெரிய ஹோட்டல் ஒன்றில் முப்பது வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். அவர் நாக்கு தீர்ப்புச் சொன்னால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

சின்னவள் நல்ல பெண். ஊரே சொல்லும், அவளும் சொல்வாள். நான் பின்னிய ஸ்வெட்டரை அவள் மடித்து நீட்டுவாள், வாங்கியவர்கள் அவளுக்கு நன்றி சொல்வார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்த ரகம். என் ஊறுகாயை ஆறு வருஷம் மாமா பேசாமல் சாப்பிட்டார். அதையே அவள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வைத்த அன்று வாய் திறந்தார்.

"சின்னவ கைமணமே தனி. பெரியவளே, நீயும் பக்கத்துல நின்னு கொஞ்சம் கத்துக்கம்மா."

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்திருக்க வேண்டும். "உனக்குப் பெரிய மனசு" என்று என் கணவர்கூடச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ரோஜா இதழ் சேர்க்க ஆரம்பித்தேன். வினிகர் நன்றாக ஆறிய பிறகு போட வேண்டும், சூட்டில் வாசம் ஓடிவிடும். மூன்றாவது நாள் சின்னவள் வந்தாள். வருவாள் என்று தெரியும். அதனால்தான் பாட்டிலை இறுக மூடி ஜன்னலோரம் வைத்திருந்தேன்.

"அக்கா, இது புதுசா இருக்கே. உள்ள என்ன பூ மிதக்குது?"

"கேட் பக்கத்து ரோஸ் கலர் பூதான்."

"கழுவிட்டுப் போடணுமா?"

"பின்ன? பூச்சி கீச்சி இருந்தா யாருக்காவது வயித்த வலிக்கும்."

இதில் ஒரு பொய் இருந்தால் காட்டுங்கள். எங்கள் கேட்டுக்கு இடப்பக்கம் ரோஜாச் செடி, வலப்பக்கம் அரளி. இரண்டும் ரோஸ் நிறம்தான். அன்று காலைதான் ரோஜாவைக் கவாத்துச் செய்திருந்தேன். ஒரு மொட்டுகூட விடவில்லை. செடிக்கு நல்லது. சின்னவள் பத்தாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குப் பூ என்றால் கடையில் தாளில் சுற்றித் தருவது. அரளியைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்பதை என் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். அவளுக்குச் சொல்லவில்லை. அவள் என் பிள்ளையா?

அவள் பாட்டில் மாடியில் மூன்று நாள் ஊறியது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் பார்த்தேன். நிறம் அழகாக இறங்கியிருந்தது.

நாலாவது நாள் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்திலேயே சாப்பிடச் சொன்னேன். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார், கொழுந்தன் வெளியூரில். மேஜையில் மாமா, சின்னவள், நான். மாமா ஒரு துண்டை வாயில் போட்டு நிறுத்தினார்.

"லேசா கசக்குதே. என்னம்மா போட்ட?"

"பூ மாமா. என் சொந்த ஐடியா."

அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள், ஐயா. நேராகப் பார்த்தாள்.

'சாப்பிடாதீங்க மாமா' என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. வாயில் ரொட்டியும் இருந்தது. வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசக்கூடாது என்று மாமாதான் சொல்வார். முப்பது வருஷம் பழகிய நாக்கு அவருடையது, கசப்பைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனாலும் சின்னவள் முகம் வாடிவிடக்கூடாதே என்று இன்னும் ரெண்டு துண்டு எடுத்துக்கொண்டார். நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மாமா மேல் எனக்குக் கோபமே கிடையாது. தங்கமான மனுஷர்.

சின்னவள் பரிமாறிவிட்டு முகம் பார்ப்பவள். அவள் சாப்பிட்டது ஒரே துண்டு. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாள். மாமா வரவில்லை. கல்யாண வீடானால் மணப்பெண், சாவு வீடானால் பிணம் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. மாமா பிணமாகக் கிடக்கும்போதே அவள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டாள். "என் கையால குடுத்தேனே, என் கையால குடுத்தேனே" என்று கதறினாள். வந்த சொந்தமெல்லாம் அவளைத்தான் கட்டிக்கொண்டது. "தெரியாம செஞ்சுட்டா, பாவம்." பதினாலு வருஷம் மாமாவுக்குச் சமைத்துப் போட்ட என்னிடம் ஒருவர், நாற்காலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

பிறகு நீங்கள் அவளை அழைத்துவந்து விசாரித்தீர்கள். எல்லாம் தன் யோசனை என்றே எழுதிக் கொடுத்திருக்கிறாள். 'அக்காவைக் கேட்டுத்தான் போட்டேன்' என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாளோ என்னவோ என்கிறீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது ஐயா. என்னைக் காப்பாற்ற அவளுக்கு என்ன வந்தது? நான் அவளுக்கு என்ன செய்துவிட்டேன்?

சரி, எழுதுங்கள். ரோஜாவை வெட்டியவள் நான். அரளிக்கு வழி காட்டியவள் நான். எது நடக்கும் என்று தெரிந்தே பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு மேஜையில் உட்கார்ந்தவளும் நான்தான். மாமாவைக் கொன்றது நான்.

அவள் வாக்குமூலத்தில் 'என் சொந்தச் செய்முறை' என்று ஒரு வரி இருக்கிறதாமே. முதலில் அதை அடித்துவிடுங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.