நாற்பதாவது வரி

— கம்ப்யூட்டர் மறுபடியும் சிவப்புல திட்டுதுடா சுண்டு. நான் எழுதின லிஃப்ட் புரோகிராமை ஏத்துக்க மாட்டேங்குது.

— திட்டலக்கா, காரணம் சொல்லுது. பொறுமையா வாசி.

— கதவு மாடி எண்ணை இரவல் வாங்கி வச்சிருக்காம். அதனால மோட்டார் இதை மாத்தக் கூடாதாம்.

— சரிதானே? லிஃப்ட் எந்த மாடியில இருக்குங்கிற தகவல் மோட்டாரோடது. கதவு அதைப் பார்த்துட்டு இருக்கும்போதே மாத்தினா இந்தப் புரோகிராம் மொழி விடாது.

— எங்க மெக்கானிக் வேலையிலயும் அப்படித்தான். ஒருத்தர் லிஃப்டு மேல நின்னா, கீழ யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. சரி, இப்ப என்ன பண்ண?

— கதவுக்கு ஒரு நகல் எடுத்துக் குடுத்துடு. 'குளோன்'னு போடு. இப்போதைக்குப் போதும்.

— அட, வாயை மூடிக்கிச்சே.

— அவ்ளோதான். ஏன்க்கா, இருபது வருஷம் ஸ்பேனரும் கையுமா இருந்துட்டு இப்ப எதுக்கு இதெல்லாம்? திங்கக்கிழமை விசாரணை. நல்லா தூங்கி எழுந்து தெளிவா போ.

— தெளிவா போய்? லிஃப்ட் வராமலே மூணாவது மாடியில கதவு திறந்திருக்கு. அந்த மனுஷன் உள்ள கால் வச்சு விழுந்துட்டார், இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்கார். நான் கதவுப் பூட்டைச் சரியா மாட்டலன்னு எழுதி வச்சிருக்காங்க. என் லைசென்ஸ் போயிடும்டா.

— நீ மாட்டின பூட்டு நல்லாத்தான் இருந்திருக்கும்க்கா.

— இரு, இதை ஓட்டிப் பார்க்கறேன். மூணு... நாலு... அஞ்சு. லிஃப்ட் அஞ்சுக்குப் போயிடுச்சு. கதவு மூணுல திறக்குதே?

— ஆமா, நகல்ல பழைய மாடிதானே இருக்கும். ஒவ்வொரு தடவையும் மோட்டார்கிட்டயே புதுசா கேக்கணும்.

— அப்ப அந்தச் சிவப்பு எழுத்து இதைத்தான் தடுத்திருக்கு.

— ம்.

— உன் முதல் கம்பெனியில லிஃப்டுக்குத்தானே எழுதுனீங்க? அங்க யாராவது இப்படிச் செய்வாங்களா?

— அவசரத்துல செய்வோம். அப்புறம் திருத்திடுவோம்.

— திருத்தல. விசாரணைக்காரங்க குடுத்த காகிதம் இது, அந்த மனுஷன் விழுந்த லிஃப்டோட புரோகிராம். நாற்பதாவது வரி. பக்கத்துல இருக்கிற குறிப்பைப் படி.

— எழுத்து ரொம்பப் பொடியா இருக்குக்கா.

— படிடா.

— "இப்போதைக்குப் போதும். சுண்டு."

— பேரை முதல் நாளே பார்த்துட்டேன். அந்த வரியில தப்பு இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் ஒரு மாசமா உன்கிட்ட கத்துக்க வந்தேன்.